கைத்திறன் தொழில் எனக்குப் பொருந்துமா?

முன்னுரை

“யூனிவர்சிட்டி கிடைத்துவிட்டதா?” எஸ்.பி.எம். தேர்வு முடிவு வந்த பிறகு, நம்மவர் வீட்டுத் திருமணங்களிலும் கோயில் திருவிழாக்களிலும் மாணவனிடம் கேட்கப்படும் முதல் கேள்வி இது. கிடைத்தது என்றால் கேட்டவர் முகம் மலரும். கிடைக்கவில்லை என்றால் பேச்சு அத்தோடு நின்றுவிடும். “உனக்கு எது கைவரும்? எதைச் செய்தால் நேரம் போவதே தெரியாது?” என்று கேட்பவர் மிகக் குறைவு.

செமினியில் இருக்கும் என் சித்தி மகன் அண்மையில் இந்த மௌனத்தைச் சந்தித்தான். எஸ்.பி.எம். தேர்வில் அவன் பெற்றவை நடுத்தரமான புள்ளிகள். ஆனால், வீட்டுத் தண்ணீர் பம்பு நின்றுபோனபோது அதைக் கழற்றி, உள்ளே தேய்ந்துபோயிருந்த பேரிங்கைக் கண்டுபிடித்து, காஜாங்கிற்குப் போய் அதே அளவில் ஒன்றை வாங்கி வந்து மாட்டியவன் அவன்தான். “ஏர்கோன் பழுதுபார்க்கும் படிப்புக்குப் போகட்டுமா அண்ணே?” என்று அவன் என்னைக் கேட்டான். நான் வாய் திறக்கும் முன்பே சித்தி சொல்லிவிட்டார்: “உன் தாத்தா வெயிலில் காய்ந்தது போதும் ஐயா. நீயாவது நிழலில் உட்கார்ந்து வேலை செய்.”

இருவர் பேச்சிலும் நியாயம் இருந்தது. எனக்குத்தான் பதில் தெரியவில்லை. அந்தப் பதிலைத் தேடப் போய் நான் அறிந்துகொண்டவற்றையே இக்கட்டுரையில் பகிர்ந்துகொள்கிறேன். பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்துகொண்டு பிறரைப் பட்டறைக்குப் போகச் சொல்வது ஊருக்கு உபதேசம் ஆகிவிடும் என்பதை நான் அறிவேன். ஆகவே, போ என்றோ போகாதே என்றோ இங்கே சொல்லப்போவதில்லை. ஒருவர் தமக்கு இது பொருந்துமா என்பதை எப்படி அறிந்துகொள்வது என்பதே இங்கு நாம் ஆராயும் கேள்வி.

வெயிலும் நிழலும்

சித்தியின் சொல்லைப் புரிந்துகொள்ளாமல் இந்தக் கேள்விக்குள் நுழைய முடியாது. செமினி இன்று வீடமைப்புப் பகுதிகளால் நிறைந்த ஊர். 2005-ஆம் ஆண்டு முதல் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் மலேசிய வளாகமும் இங்கே இயங்கி வருகிறது. ஆனால் இந்த வட்டாரத்து நிலத்தில் பெரும்பகுதி முன்பு ரப்பர் தோட்டமாகவும் செம்பனைத் தோட்டமாகவும் இருந்தது. விடியும் முன்பே பெரட்டுக் களத்தில் நின்று, இருட்டில் பால்மரம் சீவி, வாளி சுமந்து வாழ்ந்தவர்கள் நம் பாட்டனார்கள். அந்தத் தோட்டத்தில் அவர்கள் கண்ணுக்குத் தெரிந்த ஒரே உயர்வு கிராணியார்தான். அவர் மேசையில் அமர்ந்திருந்தார், கையில் பேனா இருந்தது, சட்டை அழுக்காகவில்லை. “என் பிள்ளை கிராணியாராக வேண்டும்” என்பது லயத்து வீடுகளின் கனவு. இன்று கிராணியாரின் இடத்தில் பட்டதாரி அமர்ந்திருக்கிறார். கனவு மட்டும் மாறவில்லை.

பிரிக்பீல்ட்ஸ் வரலாற்றிலும் இதே பிரிவைக் காணலாம். 1881-ஆம் ஆண்டின் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்த பிறகு, நகரத்தைச் செங்கல்லால் கட்ட வேண்டும் என்று முடிவானது. செங்கற்சூளைகள் இருந்த இடமே பிரிக்பீல்ட்ஸ் ஆயிற்று. பின்னர் அது இரயில்வே ஊழியர்களின் குடியிருப்பாகவும் வளர்ந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த தமிழர்களில் பலர் எழுத்தர்களாகவும் நிலைய அதிகாரிகளாகவும் பணியாற்றினர். தமிழகத்திலிருந்து வந்தவர்களில் பலர் தண்டவாளத்திலும் பட்டறையிலும் உழைத்தனர். பேனா பிடித்தவருக்கு ஒரு மதிப்பு, சுத்தியல் பிடித்தவருக்கு வேறு மதிப்பு என்ற எண்ணம் அன்றே நம்மிடையே வேரூன்றிவிட்டது. சாதி பார்த்துத் தொழிலை ஏற்றியும் தாழ்த்தியும் பேசும் நம் பழைய வழக்கமும் அதற்கு உரமிட்டது என்பதை மறுப்பதற்கில்லை.

ஆனால், செந்தூலில் இருந்த இரயில்வே மத்தியப் பட்டறையைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் பல தலைமுறைகளுக்கு அங்கே இரயில் இயந்திரங்களும் பெட்டிகளும் பழுதுபார்க்கப்பட்டன. அங்கே வேலை கற்ற ஒரு பிட்டரின் திறமை அவருடைய கையிலேயே இருந்தது. அந்தப் பட்டறையை விட்டாலும் அது அவரோடு வேறு பட்டறைக்குச் சென்றது. தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் மரம் சீவியவருக்கும் நுட்பம் இருந்தது. பட்டையைக் காயப்படுத்தாமல் சீவுவது எளிதன்று. ஆனால் தோட்டம் விற்கப்பட்ட நாளில் அந்த நுட்பத்தை வாங்குவதற்கு வெளியே யாரும் இல்லை. கூடவே வீடும் போயிற்று.

நம் முன்னோர் தப்பி ஓட நினைத்தது எதிலிருந்து? கையால் செய்யும் வேலையிலிருந்து என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அவர்களை வாட்டியது, எத்தனை ஆண்டு உழைத்தாலும் உழைப்பவருக்கென்று எதுவும் சேராத நிலை. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் மற்ற கேள்விகள் தெளிவாகும்.

திறன் தொழில் என்பது யாது?

வயரிங், குழாய் வேலை, பற்றவைப்பு, தச்சு, கட்டுமானம், வாகனப் பழுதுபார்ப்பு, குளிர்சாதனம், இயந்திரக் கடைசல், சமையற்கலை, தையல், சிகை ஒப்பனை ஆகியவை கைத்திறன் தொழில்களுள் சில. இவற்றுக்கும் சாதாரணக் கூலி வேலைக்கும் உள்ள வேறுபாட்டை மூன்றாகச் சொல்லலாம். முதலாவது, முறையான பயிற்சி இல்லாமல் இவற்றைச் செய்ய இயலாது. இரண்டாவது, செய்பவர் தாமே ஆராய்ந்து முடிவெடுக்க வேண்டியிருக்கும். மூன்றாவது, கற்ற திறமை கற்றவருக்கே உரியது. இடம் மாறினாலும் முதலாளி மாறினாலும் அது குறையாது.

“மூளை வேலை, கை வேலை” என்று நாம் இரண்டாகப் பிரிப்பது எவ்வளவு பொருந்தும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் பார்ப்போம். ஒரு வீட்டில் மின்சாரம் அடிக்கடி ‘டிரிப்’ ஆகிறது. மின்கசிவைக் கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கீழே விழுகிறது. நன்கு கற்ற வயர்மேன் எடுத்த எடுப்பில் எதையும் கழற்றுவதில்லை. முதலில் வீட்டாரைக் கேட்கிறார்: எப்போது விழுகிறது? மழை நாளிலா, குளிக்கும்போதா, இரவிலா? மழை நாளில் மட்டும் என்றால் வெளிவிளக்கிலோ கேட் மோட்டாரிலோ நீர் இறங்கியிருக்கலாம். குளிக்கும்போது என்றால் சுடுநீர்க் கருவியின் மேல் ஐயம் விழும். பிறகு எல்லாக் கிளைச் சுவிட்சுகளையும் இறக்கிவிட்டு ஒவ்வொன்றாக ஏற்றுகிறார். எதை ஏற்றும்போது விழுகிறதோ, பழுது பெரும்பாலும் அந்தக் கிளையில் இருக்கும். அனைத்தையும் இறக்கிய பிறகும் விழுந்தால், எங்கேனும் நியூட்ரல் கம்பி எர்த்தைத் தொடுகிறதா, அல்லது ஆர்.சி.சி.பி.யே பழுதா என்று கருவி வைத்துச் சோதிக்கிறார். கருதுகோள், சோதனை, நீக்கம், முடிவு என நம் ஆய்வுநெறி வகுப்பில் படிப்பதும் இதுவே. அவர் அதற்கு அந்தப் பெயர்களைச் சூட்டுவதில்லை.

நான்காம் ஐந்தாம் படிவத்தில் நாம் மனனம் செய்து மறந்த சூத்திரங்களும் அங்கே உயிரோடு இருக்கின்றன. 3,600 வாட் சுடுநீர்க் கருவி 230 வோல்ட்டில் எவ்வளவு மின்னோட்டத்தை இழுக்கும்? 3,600-ஐ 230-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 15.7 ஆம்பியர். சாதாரணச் சுவர்ப் பிளக்கின் ஃபியூஸ் தாங்குவது 13 ஆம்பியர். ஆகவேதான் சுடுநீர்க் கருவிக்குத் தனிக் கம்பியும் தனிச் சுவிட்சும் போடுகிறார்கள். கொத்தனார் சுவரின் மூலையைச் சதுரமாக்க ஒரு பக்கம் 3 அடி, மறு பக்கம் 4 அடி அளந்து, குறுக்கே 5 அடி வருகிறதா என்று பார்க்கிறார். நாம் பித்தாகரஸ் தேற்றம் என்று எழுதிப் புள்ளி வாங்கியதை அவர் கயிற்றால் செய்கிறார்.

கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடுவை (1893–1974) நம்மில் பலர் அறிந்திருப்போம். பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாத அவர், ஓர் ஆங்கிலேய அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து வியந்து, உணவகத்தில் வேலை செய்து பணம் சேர்த்து, அதை விலைக்கு வாங்கினார். வாங்கியதும் பிரித்துப் போட்டு மீண்டும் பூட்டிப் பார்த்தார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டத் தொடங்கினார். 1937-இல் இந்தியாவில் மின்மோட்டார் உருவாக்கிய முன்னோடிகளுள் அவரும் ஒருவர். பிற்காலத்தில் தொழிற்கல்வி நிலையங்கள் தோன்றவும் காரணமாக இருந்தார். எல்லாரும் ஜி.டி. நாயுடு ஆகிவிட முடியாது என்பது உண்மையே. ஆனாலும், பிரித்துப் பார்க்கும் ஆர்வம் ஒரு வகை அறிவு என்பதற்கு அவர் வாழ்க்கை சான்று.

நம் நாட்டிலும் ஒரு செய்தி உண்டு. 1904-ஆம் ஆண்டு கோலாலம்பூரில் ஒரு சிறிய தொழில்நுட்ப வகுப்பு தொடங்கப்பட்டது. 1906-இல் அது டிரீச்சர் தொழில்நுட்பப் பள்ளி ஆனது. 1946-இல் தொழில்நுட்பக் கல்லூரியாகவும், 1970-களில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாகவும் வளர்ந்தது. நாம் யு.டி.எம். என்று பெருமையோடு சொல்லும் பல்கலைக்கழகத்தின் வேர், வேலைக்கு ஆள் பயிற்றுவித்த ஒரு வகுப்பறையில் இருக்கிறது.

என்னை நானே கேட்க வேண்டியவை

அமெரிக்க உளவியலாளர் ஜான் ஹாலண்ட் 1959-இல் தொழில் தேர்வு பற்றிய ஒரு கோட்பாட்டை முன்வைத்தார். பொருள்களோடும் கருவிகளோடும் பழகுவோர், ஆராய்வோர், கலை நாட்டம் உடையோர், மனிதருக்கு உதவுவோர், பிறரை வழிநடத்தி வணிகம் செய்வோர், ஒழுங்குபடுத்திப் பதிவு செய்வோர் என மனித விருப்பங்களை அவர் ஆறாகப் பகுத்தார். நம் பள்ளிகளில் வழிகாட்டி ஆசிரியர்கள் நடத்தும் தொழில் விருப்பச் சோதனைகள் பெரும்பாலும் இக்கோட்பாட்டை ஒட்டியவையே. நம்மில் பலர் அத்தாளை ஐந்து நிமிடத்தில் நிரப்பிக் கொடுத்துவிட்டு ஓய்வுவேளைக்கு ஓடியவர்கள். அதைப் பொறுமையாக மீண்டும் செய்து பார்ப்பது நன்று. ஆனால் தாளில் வரும் விடை ஒரு தொடக்கம் மட்டுமே. பட்டறையில் இருப்பவர்களிடம் பேசியதிலிருந்து நான் தொகுத்த கேள்விகள் பின்வருமாறு.

1. பழுதைக் கண்டால் எரிச்சல் வருகிறதா, ஆர்வம் வருகிறதா? ஒரு பொருள் வேலை செய்யாதபோது உடனே தூக்கி எறியத் தோன்றுகிறதா, ஏன் என்று பார்க்கத் தோன்றுகிறதா? இந்த ஆர்வம் இல்லாமல் சேர்ந்தால் ஆறு மாதத்தில் சலித்துவிடும்.

2. ஒரே செயலை நூறு முறை செய்யப் பொறுமை உண்டா? பற்றவைப்பு கற்பவர் நேரான ஒரு கோட்டைப் போடுவதற்கே பல வாரங்கள் இரும்புத் துண்டுகளை வீணாக்க வேண்டியிருக்கும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது இங்கே மிகப் பொருந்தும். கை பழகும் வரை வேறு குறுக்குவழி இல்லை.

3. என் உடல் ஒத்துழைக்குமா? உயரத்தில் தலை சுற்றுமா? கூரைக்கும் ஓட்டுக்கும் இடையே உள்ள புழுக்கத்தில் ஒரு மணி நேரம் படுத்திருக்க முடியுமா? சிவப்பு, கறுப்பு, பச்சைக் கம்பிகளைக் கண் தெளிவாகப் பிரித்தறிகிறதா? முதுகுவலியோ ஆஸ்துமாவோ உள்ளதா? இவற்றுக்கு ‘இல்லை’ என்று பதில் வந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை. உயரத்துக்கு அஞ்சுபவர் கடைசல் இயந்திரத்தில் சிறக்கலாம். புழுக்கம் ஒவ்வாதவருக்கு மின்னணுப் பழுதுபார்ப்பு ஒத்துவரலாம்.

4. யாரும் பார்க்காதபோதும் விதியைக் கடைப்பிடிப்பேனா? சுவிட்சை இறக்கிப் பூட்டுவதற்கு இரண்டு நிமிடம் ஆகும். சோம்பலால் அதைச் செய்யாமல் விட்டால் உயிரே போகலாம். “பரவாயில்லை, சும்மா ஒரு நிமிட வேலைதானே” என்பது ஒருவரின் வழக்கமான சொல் என்றால், அவர் மின்சாரத்தையும் உயரத்தையும் தவிர்ப்பதே நல்லது.

5. மனிதரோடு பேச வருமா? பழுதுபார்ப்பவர் பிறர் வீட்டுக்குள் நுழைகிறார். பழுது என்ன, செலவு எவ்வளவு, ஏன் என்று புரியும்படி சொல்ல வேண்டும். மலாய், ஆங்கிலம், தமிழ், கொஞ்சம் சீனம் என்று பேசத் தெரிந்தவருக்கு நம் நாட்டில் வேலை தேடி வரும். தமிழ்ப்பள்ளியிலும் பின்னர்த் தேசிய இடைநிலைப்பள்ளியிலும் படித்த நமக்கு இதில் ஒரு வாய்ப்பு உண்டு.

6. எதிலிருந்து தப்பிக்க இதற்கு வருகிறேன்? இதுவே மிக முக்கியமான கேள்வி. புத்தகம் பிடிக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக வருபவர் ஏமாறுவார். இங்கும் வரைபடம் படிக்க வேண்டும். கணக்குப் போட வேண்டும். விதிநூல் பார்க்க வேண்டும். தேர்வு எழுத வேண்டும். அதேபோல், அழுக்குக்கு அஞ்சி மட்டும் பல்கலைக்கழகத்துக்குப் போகிறவரும் ஒரு நாள் ஏமாறுவார்.

இக்கேள்விகள் ஆண்களுக்கு மட்டும் உரியவை என்று எண்ண வேண்டா. பெண்களைத் தையலுக்கும் ஒப்பனைக்கும் மட்டும் அனுப்பும் வழக்கம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. கம்பியில் ஓடும் மின்சாரம் ஆண் பெண் பார்ப்பதில்லை.

சான்றிதழ் என்னும் ஏணி

பொருந்துகிறது என்று முடிவானால் அடுத்து என்ன? இங்கேதான் நம் இளைஞர்களில் பலர் தடுமாறுகிறார்கள். “மாமாவோடு வேலைக்குப் போகிறேன்” என்று தொடங்கி, பதினைந்து ஆண்டுகள் கழித்தும் கையாளாகவே இருப்பவர்களை நாம் அறிவோம். அவர்களுக்கு வேலை தெரியும். ஆனால் தெரியும் என்று சொல்லும் தாள் இல்லை. இதனால் சம்பளம் ஏறுவதில்லை, பெரிய நிறுவனத்தில் சேர இயலவில்லை, சொந்தமாகக் குத்தகை எடுக்கவும் வழியில்லை. சான்றிதழ் இல்லாத திறமை, பெயர் மாறிய தோட்ட வேலையாகிவிடும் அபாயம் உண்டு.

நம் நாட்டில் திறன் சான்றிதழ்களை வழங்குவது மனிதவள அமைச்சின் கீழ் இயங்கும் திறன் மேம்பாட்டுத் துறை. மக்கள் வழக்கில் இது ஜே.பி.கே. 2006-ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டம் இதற்கு அடிப்படை. மலேசியத் திறன் சான்றிதழ், அதாவது எஸ்.கே.எம்., முதல் மூன்று நிலைகளைக் கொண்டது. நான்காம் நிலை திறன் டிப்ளோமா. ஐந்தாம் நிலை உயர்நிலைத் திறன் டிப்ளோமா. மூன்றாம் நிலையோடு வேலைக்குப் போய்விட்டுப் பின்னர் டிப்ளோமாவைத் தொடரலாம். அதற்கு மேல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்களில் பட்டப்படிப்புக்கும் தகுதிக்கேற்ப வழி உண்டு. ஆகவே, பட்டறைக்குள் போனவருக்குப் பல்கலைக்கழகக் கதவு மூடிவிட்டது என்று கருதத் தேவையில்லை.

ஏற்கெனவே வேலை தெரிந்தவர்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. முன்பெற்ற திறனுக்கு அங்கீகாரம் வழங்கும் அத்திட்டம் பி.பி.டி. எனப்படும். வகுப்பறைக்குத் திரும்பிப் போகாமல், தாம் செய்த வேலைகளின் சான்றுகளைக் கோப்பாகத் தொகுத்து, மதிப்பீட்டாளர் முன் திறமையைக் காட்டி எஸ்.கே.எம். பெறலாம். இது பற்றிக் கேள்விப்படாத மாமாக்களும் சித்தப்பாக்களும் நம் குடும்பங்களில் நிறைய இருக்கிறார்கள். இக்கட்டுரையைப் படிக்கும் ஒருவர் தம் வீட்டில் ஒருவருக்கு இதைச் சொல்லி, அந்தக் கோப்பைத் தயாரிக்கவும் உதவினால் அதுவே பெரும்பயன்.

மின்சாரத் துறையில் திறன் சான்றிதழ் மட்டும் போதாது. எரிசக்தி ஆணையம் வழங்கும் தகுதிச் சான்றிதழும் வேண்டும். வயர்மேன் சான்றிதழ் ஒற்றைக் கட்டம், மூன்று கட்டம் எனப் பிரிந்திருக்கும். சார்ஜ்மேன் என்பது அதனினும் பொறுப்பு மிகுந்த நிலை. 1994-ஆம் ஆண்டின் மின்சார விதிமுறைகளின்படி, வயரிங் வேலை முடிந்ததும் தகுதி பெற்றவர் ‘ஜி’ பாரத்திலும் ‘எச்’ பாரத்திலும் கையொப்பமிட வேண்டும். ஒன்று, வேலை மேற்பார்வையிடப்பட்டு முடிந்ததற்கான சான்று. மற்றது, சோதனை செய்ததற்கான சான்று. இதில் கையொப்பம் இடும் உரிமை உள்ளவருக்கும் பக்கத்தில் கம்பி இழுப்பவருக்கும் திறமையில் வேறுபாடு இல்லாமலும் இருக்கலாம். வருமானத்திலும் மதிப்பிலும் உள்ள வேறுபாடு பெரிது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் எங்கே கற்கலாம்?

நம் வட்டாரத்தில் வாய்ப்புகளுக்குப் பஞ்சமில்லை. ஐ.எல்.பி. என்றும் அட்டெக் என்றும் நாம் அறிந்த மனிதவள அமைச்சின் பயிற்சிக் கழகங்கள் கோலாலம்பூரிலும் ஷா ஆலாமிலும் கோலாலங்காட்டிலும் உள்ளன. கல்வி அமைச்சின் கீழ் இயங்கும் தொழிற்கல்லூரிகளுள் ஒன்று கிள்ளானில் இருக்கிறது. 2012-இல் தொடங்கிய மாற்றத்தின் பயனாக, மூன்றாம் படிவம் முடித்தவர்கள் இத்தகைய கல்லூரிகளில் சேர்ந்து டிப்ளோமா வரை படிக்கலாம். செமினி மாணவர்களுக்குக் காஜாங் பக்கமுள்ள உலு லங்காட் சமூகக் கல்லூரி அருகில் இருக்கிறது. ஷா ஆலாமில் உள்ள மோன்ட்ஃபோர்ட் பாய்ஸ் டவுன், காபிரியேல் சகோதரர்களால் 1959-இல் தொடங்கப்பட்டு, வசதி குறைந்த பிள்ளைகளுக்கு இன வேறுபாடு இன்றித் தங்குமிடமும் தொழிற்பயிற்சியும் தந்து வருகிறது.

சம்பாதித்துக்கொண்டே கற்க விரும்புவோருக்கு எஸ்.எல்.டி.என். என்னும் இரட்டைப் பயிற்சித் திட்டம் உண்டு. ஜெர்மானிய முறையைப் பின்பற்றி 2005-இல் இங்கே தொடங்கப்பட்ட இத்திட்டத்தில், பயிற்சியின் பெரும்பகுதி வேலையிடத்திலும் எஞ்சியது வகுப்பறையிலும் நடக்கும். பணம் தடையாக இருந்தால், பல்கலைக்கழக மாணவருக்குப் பி.டி.பி.டி.என். இருப்பதுபோல் திறன் பயிற்சிக்குப் பி.டி.பி.கே. கடனுதவி இருக்கிறது.

ஓர் எச்சரிக்கை. ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது. எனக்குத் தெரிந்த ஒருவர், விளம்பரத்தைப் பார்த்து ஒரு தனியார் பயிற்சி நிலையத்தில் பணம் கட்டிச் சேர்ந்தார். படிப்பு முடியும் தறுவாயில்தான் அந்த நிலையத்துக்கு அந்தப் பயிற்சியை நடத்த ஜே.பி.கே. அங்கீகாரம் இல்லை என்று தெரிந்தது. கையில் கிடைத்தது அந்நிலையமே அச்சிட்ட ஒரு தாள் மட்டும். ஆகவே, சேரும் முன் மூன்றைக் கேட்டுவிட வேண்டும்: இந்தப் பயிற்சிக்கு, இந்த நிலைக்கு, இந்த ஆண்டில் அங்கீகாரம் உள்ளதா? பட்டறையில் ஒரு மாணவருக்கு எத்தனை மணி நேரம் கருவி கையில் கிடைக்கும்? சென்ற ஆண்டு முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள்? மூன்றாவது கேள்விக்குத் தயக்கமின்றிப் பதில் சொல்லும் இடமே நம்பத்தக்கது.

மறைக்கக்கூடாத உண்மைகள்

கைத்தொழிலைப் பாராட்டிப் பேசுவோர் சிலவற்றைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். தொடக்கச் சம்பளம் பெரும்பாலும் குறைந்தபட்சச் சம்பளத்தை ஒட்டியே இருக்கும். 2025 முதல் அது 1,700 ரிங்கிட். சிறிய குத்தகையாளர் சிலர் இ.பி.எஃப்., சொக்சோ எதுவும் கட்டுவதில்லை. கை நசுங்கினாலோ கீழே விழுந்தாலோ அப்போதுதான் அதன் அருமை தெரியும். சேரும்போதே கேட்டு வாங்க வேண்டிய உரிமை அது. சொந்தமாகத் தொழில் செய்வோரும் 2017-ஆம் ஆண்டின் சட்டப்படி சொக்சோவில் பதிந்துகொள்ளலாம்.

உடலுக்கும் வயதாகும். இருபத்தைந்தில் ஏறிய கூரையில் ஐம்பதில் ஏற இயலாது. ஆகவே மேற்பார்வை, பயிற்றுவித்தல், குத்தகை எடுத்தல் ஆகியவற்றில் ஒன்றை நோக்கி முன்கூட்டியே நகர வேண்டும். அதற்கும் அந்தச் சான்றிதழ் ஏணிதான் வழி. சொந்தத் தொழில் என்றால் விலைப்பட்டியல் எழுதவும், கணக்கு வைக்கவும், வராத பணத்தைக் கேட்டு வாங்கவும் தெரிய வேண்டும். நல்ல கைத்திறன் இருந்தும் கணக்குத் தெரியாமல் கடையை மூடியவர்கள் உண்டு.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். மேத்யூ கிராஃபர்ட் என்னும் அமெரிக்கர் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அரசியல் தத்துவத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். அலுவலக வேலையை விட்டுவிட்டு மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்கும் பட்டறை நடத்தியவர். மேசை வேலையைவிடப் பட்டறையில்தான் தாம் அதிகம் சிந்திப்பதாக 2009-இல் வெளியிட்ட நூலில் அவர் வாதிட்டார். நிழலில் இருப்பதெல்லாம் சிந்தனை வேலை என்று நாம் கொண்டிருக்கும் எண்ணத்தை அவர் வாழ்க்கை அசைத்துப் பார்க்கிறது.

முதலில் தொட்டுப் பாருங்கள்

இத்தனை கேள்விகளையும் நாற்காலியில் அமர்ந்து யோசித்து முடிவு காண முடியாது. எஸ்.பி.எம். முடிந்து முடிவு வரும்வரை சில மாதங்கள் கிடைக்கின்றன. அந்த நாள்களில் தெரிந்த ஒரு பட்டறையில் நான்கு வாரம் உதவியாளாகப் போகலாம். முதல் வாரம் எல்லாம் புதுமையாக இருக்கும். அதை வைத்து முடிவெடுக்கக் கூடாது. மூன்றாவது வாரத்துத் திங்கட்கிழமை காலையில் எழும்போது மனம் என்ன சொல்கிறது என்பதைக் கவனியுங்கள். வேலை கடினமாக இருந்தும் போகத் தோன்றுகிறதா? அந்தக் குரலை நம்பலாம். உடன் இருக்கும் ஐம்பது வயதுக்காரரிடம், “மறுபடியும் பதினேழு வயது வந்தால் இதையே தேர்ந்தெடுப்பீர்களா?” என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலோடு, சொல்வதற்கு முன் எவ்வளவு நேரம் யோசித்தார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கட்டுமான இடத்துக்குப் போவதானால் சி.ஐ.டி.பி. பச்சை அட்டை இல்லாமல் உள்ளே போகக் கூடாது.

முடிவுரை

இந்த இதழைப் படிப்பவர்களில் பெரும்பாலோர் என்னைப் போல் பல்கலைக்கழகத்தில் இருப்பவர்கள், அல்லது இருந்தவர்கள். “இது எங்களுக்கு எதற்கு?” என்று கேட்கலாம். நாம் ஆண்டுதோறும் இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்குத் தன்முனைப்பு முகாம் நடத்துகிறோம். மேடையில் நின்று, “நீங்களும் எங்களைப் போல் பல்கலைக்கழகத்துக்கு வர வேண்டும்” என்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன். அந்த மண்டபத்தின் கடைசி வரிசையில், வீட்டுப் பம்பைத் தானே சரிசெய்துவிட்டு வந்த ஒருவன் அமர்ந்திருப்பான். நம் பேச்சு அவனுக்குச் சொல்வதெல்லாம் அவன் தோற்றுவிட்டான் என்பதுதான். அடுத்த முகாமில் ஒரு வயர்மேனையோ பற்றவைப்பாளரையோ நம்மோடு மேடைக்கு அழைத்து, அவர் ஏறிய ஏணியைப் பற்றிப் பேசச் செய்தால் என்ன? முன்னாள் மாணவர்களில் நிறுவனம் நடத்துவோர், நான்கு வாரம் வந்து பார்க்க இரண்டு பிள்ளைகளுக்கு இடம் கொடுத்தால் என்ன?

சித்தி மகன் நான்கு வாரம் ஓர் ஏர்கோன் பட்டறைக்குப் போய் வந்தான். இரண்டாவது வாரத்தில் கையில் ஒரு வெட்டுக்காயம், சித்தி அழுதுவிட்டார். நான்காவது வாரம் முடிந்ததும் அவனே விண்ணப்பப் பாரத்தை நிரப்பி எடுத்து வந்தான். நானும் சித்தியும் உட்கார்ந்து, எந்த நிலையம், எந்தச் சான்றிதழ், அதற்கு அங்கீகாரம் உண்டா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். “மூன்றாம் நிலையோடு நிற்காமல் டிப்ளோமா வரை போக வேண்டும்” என்று சித்தி ஒரு நிபந்தனை வைத்தார். அவன் ஒப்புக்கொண்டான்.

பாரத்தில் பெற்றோர் கையொப்பமிட வேண்டிய இடம் ஒன்று இருந்தது. சித்தி கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேனாவை வாங்கிக் கையொப்பமிட்டார்.